குப்பைக்கு இன்சூரன்ஸ்

பிலோமினம்மாள் வாயிலிருந்து வரும் 'சீ'களை எண்ண உட்கார்ந்த எவனும் கோட்டையில் மத்தியானப் பீரங்கி வெடிக்கும்வரை தாக்குப்பிடித்ததில்லை. பாயைச் சுருட்டும்போதே ஒன்று. ஜன்னலைத் திறந்ததும் இன்னொன்று. இந்த இரண்டாவது 'சீ' நியாயமானதுதான். சிங்கப்பூர்ச் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகைகளை ஒட்டின சந்தில் ஜன்னலைத் திறந்தால் முதலில் உள்ளே வருவது காற்று இல்லை. சாணி, மூத்திரம், கால்வாயில் ஊறிக் கிடக்கிற அன்னாசித் தோல், ஆடு அறுக்கிற இடத்திலிருந்து ஒரு மாதிரி இனிப்பாக வருகிற வாடை, கக்கூஸ் வாளிக்காரன் போன பிறகும் தெருவை விட்டுப் போக மனசில்லாமல் நிற்கிற அவனுடைய மணம், எல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி கூட்டமாக உள்ளே நுழைந்து உட்காரும்.

அவளுக்கு வாய்த்த வேலையும் அப்படி. ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணிமார்களின் சட்டைக்கும் காலருக்கும் கஞ்சி போட்டு இஸ்திரி போடுவாள். வெளியே பார்த்தால் வெள்ளை வெளேரென்று துரைத்தனமாக இருக்கிற காலரை உள்பக்கம் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? வியர்வையும் தேங்காய் எண்ணெயும் கழுத்து அழுக்கும் சேர்ந்து மஞ்சளாக ஒரு பட்டை ஓடும். அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "சீ, இந்தக் கழுத்த அறுத்துப் போட்டுட்டு வேற வாங்கக் கூடாதா இவனுங்க" என்பாள். அவள் 'சீ' சொல்லாமல் தொடுகிற துணி ஒன்றே ஒன்றுதான். ஓபிர் ரோட்டு மாதா கோயில் பீடத்துணி. அதைத் தொடுமுன் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவுவாள்.

புதிதாகச் சந்துக்குக் குடிவந்தவர்கள் அவளைக் கண்டு பயப்படுவார்கள். பழையவர்களுக்குத் தெரியும். தெருப் பிள்ளைகளில் எதைப் பார்த்து, "சீ, கரிச்சட்டி மூஞ்சி, கிட்ட வராத" என்று விரட்டுகிறாளோ, அந்தப் பிள்ளையின் கையில் சாயங்காலம் ஒரு வெல்லக்கட்டி இருக்கும். "இந்தப் பிள்ளை நல்ல அழகு" என்று யாராவது தாயிடம் சொல்லிவிட்டால் போதும், பிலோமினம்மாள் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்து, "அழகா? கண்ணு ஒண்ணு ஒரு பக்கம் போவுதே, தெரியலையா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

அதற்குக் காரணம் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து புருஷன் அலெக்சாண்டரோடு கப்பலேறி வந்தவள் அவள். அவன் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பலுக்குக் கரி சுமந்தான். முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று கோயில் வாசலில் ஒரு புண்ணியவதி, "சந்தனக் கட்டை மாதிரில்ல இருக்கு, பத்து மாசக் கொழந்த மாதிரி" என்று கன்னத்தைக் கிள்ளினாள். பத்து மாசம் அது பார்க்கவேயில்லை. அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்ததும். மூன்றும் புக்கிட் திமா ரோட்டுக் கல்லறையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. பிறகு ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் அலெக்சாண்டரும் போனான். அவன் சாவதற்கு முந்தின வாரம்கூட யாரோ, "ஆளு நல்லா தேறிட்டாருக்கா" என்றார்களாம். அன்றிலிருந்து அவள் வாயிலிருந்து எதைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. நல்ல வார்த்தை என்பது அவளைப் பொறுத்தவரை விஷம் தடவின ஊசி.

இப்படிப்பட்டவளிடம்தான் அந்த நாய் வந்து சேர்ந்தது.

எதிர்ச் சந்தில் குதிரை லாயத்தில் ஒரு பெட்டை நாய் குட்டி போட்டிருந்தது, குட்டிகள் ஒவ்வொன்றாய்ச் செத்துக்கொண்டிருந்தன. மிச்சமிருந்த ஒன்றை அவள் ஒரு வார்த்தை பேசாமல் தூக்கி வந்தாள். பிள்ளை தங்காத வீட்டில் நம் ஜனங்கள் செய்கிற காரியத்தை அதற்குச் செய்தாள். குப்பைமேட்டில் போட்டு ஒரு புரட்டுப் புரட்டி, தெருக்கூட்டுகிற தங்கத்திடம் ஒரு பிடி நொய்யரிசி கொடுத்து அந்தக் குட்டியை விலைக்கு வாங்கிக்கொண்டாள். குப்பையில் கிடந்தது, ஒரு காசு பெறாதது, சாவுக்கும் இதன்மேல் ஆசை வராது என்பது கணக்கு. பெயரும் குப்பை என்றே வைத்தாள். தன் பிள்ளைகளுக்கு இதைச் செய்யவில்லை. அஞ்ஞானிகள் பழக்கம் என்று அப்போது சாமியார் சொல்லியிருந்தார். நாய்க்குச் செய்யக்கூடாது என்று சாமியார் சொல்லவில்லை. அவளும் போய்க் கேட்கவில்லை.

குப்பை பெயருக்கேற்றபடி வளர்ந்தது. எலியைப் பிடித்தால் தலையை மட்டும் தின்றுவிட்டு உடம்பை அவள் தலையணை ஓரத்தில் மரியாதையாகக் கொண்டுவந்து வைக்கும். கருவாட்டுத் தண்ணீரில் புரண்டுவிட்டுக் கஞ்சி போட்ட சட்டைகளுக்கு நடுவே வந்து உடம்பை உதறும். வாயிலிருந்து எச்சில் நூல் நூலாய்த் தொங்கும். "சீ! தூ! பேய் பெத்ததே, எட்டப் போ!" என்று அவள் கத்த, அது அதையே தன் பெயரின் மீதிப் பாதி என்று நினைத்துக்கொண்டு வாலை ஆட்டும். உண்மையைச் சொன்னால் நல்ல நாய். சாக்லேட் நிறம், குதிரைக்குட்டி மாதிரி கால்கள், பளபளவென்று முதுகு. கழுத்தில் நாய்வரி கட்டின தகர வில்லை மின்னும். பீடத்துணி காய்கிற கொடிப்பக்கம் ஒரு காக்காயை விட்டதில்லை. ஆனால் இதையெல்லாம் பிலோமினம்மாள் காதுபடச் சொல்லித் தப்பித்தவன் யாரும் இல்லை.

இன்சூரன்ஸ் கொண்டுவந்தவர் கந்தப்பு. யாழ்ப்பாணத்துக்காரர், தஞ்சோங் பகாரில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் ஏஜெண்டு. அவருடைய சட்டையும் பிலோமினம்மாளிடம்தான் வரும். காலரின் உள்பக்கத்தைப் பார்த்து அவள் அவரைப் பற்றி ஏற்கெனவே ஒரு முடிவு கட்டியிருந்தாள்.

"அம்மா, மனுசருக்குத்தான் இன்சூரன்ஸ் எண்டு நினையாதேங்கோ. இப்ப மாடு, குதிரை, நாய் எல்லாத்துக்கும் இருக்கு. மாதம் மாதம் ஒரு சின்னத் தொகை கட்டினாப் போதும்" என்றார் கந்தப்பு, சட்டையை வாங்கிக்கொண்டே.

"நாய் செத்தா காசு குடுப்பீங்களா? சீ. செத்த நாய வெச்சு சம்பாதிக்கிற பொழப்பு எனக்கெதுக்கு?"

"சாகிறதுக்கு மட்டுமில்லை அம்மா. அடிபட்டால், நோய் வருத்தம் வந்தால், துரைமாரின்ர குதிரை டாக்குத்தர் இருக்கிறாரெல்லோ, அவரையே கம்பெனி அனுப்பும். நீங்கள் ஒண்டும் குடுக்கத் தேவையில்லை."

அந்த வார்த்தையில் அவள் கை நின்றது. குதிரை டாக்டர் லாயத்துக்கு வரும்போது பார்த்திருக்கிறாள். வெள்ளைக்காரன், தோல் பை, பளபளக்கிற கத்தி கத்தரிக்கோல். செத்துப்போகும் என்று விட்ட குதிரையை எழுப்பி நிறுத்திவிட்டுப் போன மனிதன். அவளுடைய மூன்றுக்கும் அப்படி ஒரு பை வீட்டுக்குள் வந்ததில்லை.

கந்தப்பு இரண்டு கம்பெனியின் காகிதங்களைக் காட்டினார். ஒன்றில் சிங்கம் போட்டிருந்தது, நிபந்தனைகள் குறைவு என்றார். இன்னொன்றின் பெயர் நல்ல மேய்ப்பன் மிருக இன்சூரன்ஸ் கம்பெனி. அதில் தாடி வைத்த ஒருவர் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பிலோமினம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு மேய்ப்பன் காகிதத்தை எடுத்தாள். கோயில் சுவரில் தொங்குகிற ஆண்டவரின் அதே முகம். அவர் பெயரில் கம்பெனி வைத்துக்கொண்டு ஏமாற்றுகிறவன் இருப்பானா? அவளுக்கு அப்போது அதுதான் தோன்றியது.

"அப்ப நாயைப் பற்றிக் கொஞ்சம் விபரம் எழுதவேணும்" என்று கந்தப்பு பேனாவை எடுத்தார். குப்பை அவர் செருப்பை முகர்ந்துகொண்டிருந்தது. "அட, என்ன வடிவான நாய்! நல்ல வாட்டசாட்டமான—"

"தூ! தூ! தூ!" பிலோமினம்மாள் பாய்ந்து நாயின் தலையில் மூன்று தடவை துப்பினாள். கந்தப்புவின் செருப்பிலும் கொஞ்சம் பட்டது. "இதா வடிவு? கெழடுங்கய்யா இது. சாவப்போற நாய். ஒரு காது கேக்காது. உடம்பெல்லாம் சொறி, உள்ளுக்குள்ள இருக்கு, வெளிய தெரியாது. பின்னங்கால் ஒண்ணு வெளங்காது. தின்னும், பேளும், வேற ஒண்ணுக்கும் லாயக்கில்ல."

குப்பை பின்னங்கால் இரண்டிலும் எழுந்து நின்று ஒரு தும்பியைப் பிடித்துத் தின்றது.

கந்தப்பு நாயைப் பார்த்தார். பிலோமினம்மாளைப் பார்த்தார். பிறகு குனிந்து, அவள் சொன்னது சொன்னபடி எழுதினார். அவள் அடியில் கையெழுத்துக்குப் பதில் ஒரு சிலுவை போட்டுக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு மாதா மாதம் அவர் சட்டை வாங்க வரும்போது தொகையும் வாங்கிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டு கதீஜாவுக்கு இது பொறுக்கவில்லை. அவள் புருஷன் அந்தக் குதிரை லாயத்தில் வேலை செய்கிறவன். நாய் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவவேண்டும் என்பதால் கதீஜா குப்பையோடு எப்போதும் ஒரு வாசற்படி தூரம் வைத்துத்தான் உறவாடுவாள்.

"மனுசனுக்கே மருந்தில்லாத ஊருல நாய்க்கு டாக்டரா? ஏன் பிலோமினாக்கா, ஒங்களுக்குக் கிறுக்கு புடிச்சிருச்சா?"

"இந்தச் சனியனுக்காகவா எடுத்தேன்? மேய்ப்பன் படம் நல்லாருந்துது, அதுக்காக எடுத்தேன்."

"ஆமா லா, சொன்னாங்க" என்று கதீஜா முக்காட்டுக்குள் சிரித்தாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் குப்பை காக்காயை விரட்டிக்கொண்டு சிராங்கூன் ரோட்டுக்கு ஓடியது. எங்கேயோ அவசரமாகப் போன ஒரு குதிரைவண்டியின் சக்கரம் அதன் பின்னங்காலில் ஏறி இறங்கியது. வண்டி நிற்கவில்லை. பிலோமினம்மாள் சத்தம் கேட்டு ஓடியபோது நாய் சாணிச்சேற்றில் கிடந்து தன் காலையே கடித்துக்கொண்டிருந்தது. எலும்பு ஒரு இடத்தில் தோலைப் பிய்த்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. ஈக்கள், அவற்றுக்கு யார் சொன்னார்களோ, அதற்குள் வந்துவிட்டன.

"சீ, நாறப் பொணமே, பாத்து ஓடத் தெரியாது?" என்று திட்டிக்கொண்டே அவள் முந்தானையைக் கிழித்துக் காலைச் சுற்றினாள்.

கதீஜாவின் புருஷன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "மூங்கிப் பத்தை வெச்சு நான் கட்டிடுவேன்க்கா. ஆனா எலும்பு வெளிய வந்திருக்கு. உள்ள தச்சு சுத்தம் பண்ணணும், அது டாக்டர் கையாலதான் முடியும். நான் கட்டுனா கால் கோணிக்கும். புழு வெச்சுதுன்னா நாயே தங்காது."

"நீ கட்ட வேணாம். எனக்கு மேய்ப்பன் கம்பெனி இருக்கு" என்றாள் பிலோமினம்மாள்.

சலவைக் கூடையைக் காலி செய்தாள். நாய்க்கு அடியில் விரிக்க மெத்தென்று ஏதாவது வேண்டும். இஸ்திரி முடிந்து அடுக்கியிருந்த சட்டைகளில் ஒன்றை உருவினாள். காலருக்குள்ளே சிவப்பு நூலில் குறிபோட்ட சட்டை. அதை விரித்து, அதன்மேல் குப்பையைப் படுக்க வைத்து, ரிக்ஷா பிடித்தாள். ரிக்ஷாக்காரன் நாயைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான். அவள் அவனைப் பார்த்துச் சுளித்த சுளிப்பில் அவன் முகம் நேரானது. வழியெல்லாம் குப்பை முனகிக்கொண்டே வந்தது. வழியெல்லாம் அவள் திட்டிக்கொண்டே வந்தாள்.

தஞ்சோங் பகார் ஆபீசில் மின்விசிறி இல்லை, கூரையில் தொங்குகிற பங்காவை இழுக்கிறவன் தூங்கிவிட்டான். கந்தப்பு எழுந்து வந்து கூடைக்குள் பார்த்தார். நாயைப் பார்த்ததைவிட அதன் கீழே இருந்த சட்டையை அதிக நேரம் பார்த்தார். சிவப்பு நூல் ரத்தத்தில் தெரியவில்லைதான். ஆனால் தன் காலரைத் தான் அறியாத மனிதன் உண்டா? வாயைத் திறந்தார். பக்கத்து மேசைக் கிராணிமார்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடிக்கொண்டார்.

"குதிர டாக்டர இப்பவே கூப்புடுங்கய்யா. எலும்பு வெளிய வந்துருச்சு."

"துரை பார்த்துச் சொல்லவேணும் அம்மா. வாங்கோ."

துரை சிவந்து பருத்த மனிதர். அவர் மேசைக்கடியில், பட்டு மெத்தைமேல், அவரைப் போலவே சிவந்து பருத்த ஒரு நாய் கிடந்தது. மூச்சு விடுகிறபோதெல்லாம் கொதிக்கிற பானை மூடி மாதிரி சத்தம் போட்டது. துரை பிஸ்கோத்தைப் பாதி கடித்து மீதியை அதன் வாயில் போட்டார். அது நக்கின விரலாலேயே மேசைமேல் காகிதங்களைப் புரட்டினார். பிறகு குனிந்து அதன் மூக்கில் ஒரு முத்தம் கொடுத்தார். பிலோமினம்மாள் வாய்க்குள்ளேயே ஒரு 'சீ' சொல்லிக்கொண்டாள்.

ஆனால் அவளை அதைவிடத் திகைக்க வைத்தது துரையின் வாய். மூச்சுக்கு ஒரு தடவை அந்த நாயைப் புகழ்ந்துகொண்டிருந்தார். பாஷை தெரியாவிட்டால் என்ன, தடவுகிற கையும் குழைகிற குரலும் தெரியாதா? இத்தனை பேர் நடுவில், பட்டப்பகலில், துப்பாமல், கரிப்பொட்டு வைக்காமல். நாயோ சாகிற வழியாக இல்லை. ஏப்பம் விட்டது.

துரை காகிதத்தைப் படித்துவிட்டு ஏதோ சொன்னார். கந்தப்பு தொண்டையைச் செருமினார்.

"அம்மா, பின்னங்கால் ஒண்டு முந்தியே பழுது எண்டு நீங்களே சொல்லியிருக்கிறியள். முந்தியிருந்த பழுதுக்குக் கம்பெனி பொறுப்பில்லை. கிழட்டு நாய், வருத்தக்கார நாய் எண்டும் இருக்கு."

பிலோமினம்மாளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "அய்யய்ய, அது கண்ணு பட்டுரக் கூடாதுன்னு சொன்னதுங்க! நீங்க வடிவுன்னு சொன்னீங்க, நான் திருப்பிச் சொன்னேன். தமிழங்க வூட்டுல எவ தன் புள்ளைய அழகுன்னு சொல்வா? ஒங்காத்தா ஒங்கள அழகுன்னு சொல்லியா வளத்தா? தொரைக்கு வெளங்காது, ஒங்களுக்கு வெளங்கும்ல? எடுத்துச் சொல்லுங்க."

கந்தப்பு காதுமடல் சிவந்தது. அவருடைய தாயார் அவரைப் பத்து வயது வரைக்கும் கருவண்டு என்று கூப்பிட்டவள். துரையிடம் ஏதோ சொன்னார். அவள் பேசினது ஒரு முழம் இருந்தால் அவர் சொன்னது ஒரு விரற்கடை இருந்தது.

"துரை கேக்கிறார், அப்ப உண்மையில நாய் எப்பிடி எண்டு."

கூடைக்குள் குப்பை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. அறை முழுக்க ஆட்கள். பங்காக்காரன்கூட எழுந்துவிட்டான். சொன்னால் டாக்டர் வருவார். சொன்னால் இத்தனை கண்ணும் குப்பைமேல் விழும். கோயில் வாசலில் கன்னத்தைக் கிள்ளின அந்தக் கை ஞாபகத்துக்கு வந்தது. மேசைக்கடியில் துரையின் நாய் புகழ்ச்சியைத் தின்று கொழுத்துக் குறட்டை விட்டது. அதைப் பார்த்தாள். தைரியத்தை வரவழைத்துக்கொண்டாள்.

"நல்ல நாய்" என்றாள், யாரோ கழுத்தை நெரித்துச் சொல்ல வைத்த மாதிரி.

பிறகு அடைத்திருந்தது உடைத்துக்கொண்டது. "எளசு. ரெண்டு காதும் நல்லா கேக்கும், நான் சந்து முனையில வரும்போதே கதவுகிட்ட வந்து நிக்கும். ஓடுனா குதிர தோத்துரும். ஒடம்புல ஒரு புள்ளி சொறி கெடையாது, நானே தெனம் பாக்குறேன். எலி புடிச்சா தான் திங்காம எனக்குன்னு கொண்டாந்து வெக்கும். காய்ச்சல்ல நான் கெடந்தப்போ கஞ்சித்தண்ணி குடிக்காம காலடியிலயே கெடந்துது. இது மாதிரி ஒரு நாய் இந்தச் சிங்கப்பூர்ல கெடையாது. ராசா இது. எம்புள்ள."

சொல்லி முடித்ததும் அவளுக்கு வாழ்நாளில் சேர்த்து வைத்ததையெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது. துரை சந்தோஷமாகத் தலையாட்டினார். புன்னகையோடு நான்கு வார்த்தை சொன்னார். கந்தப்பு தரையைப் பார்த்துக்கொண்டு மொழிபெயர்த்தார்.

"அப்பிடியெண்டால் அண்டைக்கு நீங்கள் சொன்னது பொய். பொய் சொல்லி எடுத்த இன்சூரன்ஸ் செல்லாது. அண்டைக்குச் சொன்னது உண்மை எண்டால், கால் முந்தியே பழுது. எப்பிடிப் பார்த்தாலும் டாக்குத்தர் வரமாட்டார், அம்மா."

அவள் துரையின் கையிலிருந்த காகிதத்தைக் காட்டினாள்.

"சாவப்போற கெழட்டு நாய்னு எழுதிக்கிட்டீங்கல்ல? அப்போ மாசாமாசம் எதுக்கு வந்து கைநீட்டி வாங்குனீங்க? அத தொரைகிட்ட கேளுங்க."

"அதைக் கேக்கேலாது அம்மா."

"நீங்க அன்னிக்கு நாயக் கண்ணால பாத்தீங்க. அது ரெண்டு கால்ல நின்னு தும்பி புடிச்சுது. பாத்துட்டுத்தான் எழுதுனீங்க."

"சொன்னதை எழுதிறதுதான் என்ர வேலை."

பிலோமினம்மாள் சுவரைப் பார்த்தாள். அங்கே சட்டம் போட்டு மேய்ப்பன் தொங்கினார், தோளில் ஆட்டுக்குட்டியோடு. அந்தக் குட்டியிடம் எத்தனை மாதம் வாங்கியிருப்பார்களோ. கூடையை எடுத்து இடுப்பில் வைத்தாள். கந்தப்பு முகத்துக்கு நேராக, "சீ" என்றாள். அந்தச் 'சீ'யில் வெல்லக்கட்டி கிடையாது. வாசல்வரை போனவள் திரும்பி, "ஒங்க சட்ட இதுக்குள்ள இருக்கு. ரத்தக் கறை போவாது. ஆனா கழுத்துல இருக்குற ஒங்க அழுக்க விட இது சுத்தம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்து மேசையில் ஒருவன் மூக்கால் சிரித்தான்.

வீட்டுக்கு வந்ததும் கதீஜாவின் புருஷனைக் கூப்பிட்டாள். அவன் தனக்குத் தெரிந்ததைச் செய்தான். புண்ணைச் சாராயம் ஊற்றிக் கழுவி, எலும்பை உள்ளே தள்ளி, முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தமாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினான். குப்பை போட்ட ஊளையில் கொட்டகை மாடுகள் எல்லாம் கத்தின. பிலோமினம்மாள் அதன் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். எச்சில் முழங்கைவரை வழிந்தது. துடைக்கவில்லை.

"கால் கோணித்தான் நிக்கும்க்கா. தங்குமான்னு இன்னும் ரெண்டு நாள்ல தெரிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு, ஏழு தடவை கழுவப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவள் போகவில்லை. நாய் தண்ணீர்கூடத் தொடாமல் கிடந்தது. மூக்கு காய்ந்திருந்தது. வாசற்படிக்கு வெளியே நின்று கதீஜா எட்டிப் பார்த்தாள்.

"கட்டுல நாத்தம் இல்லக்கா. புழு வெக்கல."

"கட்டு இல்ல கதீஜா, எல்லாம் என் வாய். அத்தன பேரு நடுவுல வெச்சுப் புகழ்ந்து தொலச்சேனே. ராசான்னேன். எம்புள்ளன்னு வேற சொன்னேன். தூ, இந்த வாய்ல கொள்ளிக்கட்டைய வெக்கணும்."

"சுத்திப் போடுங்க. ஏன் பேசிக்கிட்டு நிக்கிறீங்க?"

பிலோமினம்மாள் கல்லுப்பையும் மிளகாய் வற்றலையும் கையில் அள்ளினாள். தெருமண் ஒரு சிட்டிகை எடுத்தாள். குப்பையின் தலையிலிருந்து கட்டுப் போட்ட கால்வரை மூன்று தடவை சுற்றினாள். "தொரை கண்ணு, கிராணிக் கண்ணு, பங்கா இழுக்கிறவன் கண்ணு, எல்லாக் கண்ணும் வெந்து போவ" என்று சொல்லி, மாதா கோபித்துக்கொள்ளாமல் இருக்கட்டும் என்று கூடவே ஒரு சிலுவையும் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் இஸ்திரிப் பெட்டிக் கரிநெருப்பில் போட்டாள்.

கண் பட்டிருந்தால் மிளகாய் கருகினாலும் நெடி வராது. இது சந்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எவ்வளவு பெரிய கண்ணோ அவ்வளவுக்கு நெடி இருக்காது.

மிளகாய் கருகியது. முதலில் பிலோமினம்மாள் தும்மினாள். பிறகு வாசற்படியில் கதீஜா. பிறகு இரண்டு பேரும் கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, குடல் வெளியே வருகிற மாதிரி இருமினார்கள். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ, "ஏய், எங்கள கொல்லப் பாக்குறீங்களா?" என்று கத்தினார்கள். சந்தின் மற்ற நாற்றமெல்லாம் பயந்து ஓடிப்போயிற்று. மூலையில் கிடந்த குப்பை ஒரு தும்மல் தும்மியது. இன்னொன்று. அப்புறம் எரிச்சலோடு முன்னங்காலை ஊன்றி, மூன்று காலில் எழுந்து, கட்டுப்போட்ட காலைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே போனது. கதீஜா அலறிக்கொண்டு எட்டக் குதித்தாள். வாசலில் மாட்டுத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதில் வாயை வைத்து, வெகுநேரம், சளக் சளக்கென்று குடித்தது.

பிலோமினம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்து நின்றாள். நெடி இவ்வளவு வந்தால் கண் எதுவும் படவில்லை என்று அர்த்தம். உடம்பு லேசானது. அடுத்த நிமிஷமே இன்னொன்று உறைத்து, முகம் பழையபடி சுளித்துக்கொண்டது.

"பாத்தியா கதீஜா? அத்தன பேரு நின்னானுங்க. மூச்சு வாங்க வாங்க அவ்வளவு சொன்னேன். ஒருத்தனுக்காவது வயிறு எரிஞ்சுதா? கண்ணு வெக்கக்கூட வக்கில்லாத பயலுவ. சீ!"

குப்பை ஊத்தைத் தண்ணீர் சொட்டுகிற வாயோடு நொண்டி வந்து அவள் கன்னத்தில் ஒரு நக்கு நக்கியது. சாணி மணந்தது.

"சீ, கோணக்கால் மூதேவி" என்றாள் பிலோமினம்மாள். கன்னத்தை அவள் துடைக்கவில்லை.